கையாடல்னு பட்டம் கட்டி வேலையைப் பறிச்சா, முதல் அறையிலேயே ஜெயிக்கணும்!

(கொல்லிமலை அரியூர் நாட்டில் தொழிலாளர்களிடையே நம் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மலைக்குக் கீழே வேலை பார்க்கும் தோழர்களுக்கும் பயன்படும் என்பதால் முழுமையாகப் பதிவிடுகிறோம். படியுங்கள், பகிருங்கள்.)



இன்னிக்கு ஒரே ஒரு வார்த்தையைப் பத்திப் பேசப்போறேன். அந்த வார்த்தை "கையாடல்."

ஒரு தொழிலாளி லீவு போட்டான்னு வேலையை விட்டு எடுத்தா, ஊர்ல "பாவம்"னு சொல்லுவாங்க. மேனேஜரோட சண்டை போட்டான்னு எடுத்தா, "ரோஷக்காரன்"னு சொல்லுவாங்க. "காசு எடுத்துட்டான்"னு சொல்லி எடுத்தா என்ன சொல்லுவாங்க? வேலை போறதோட நிக்காதுங்க. பேரும் போயிடும். நம்ம மலையில ஒரு நாட்டுல நடந்தது சாயங்காலத்துக்குள்ள அடுத்த நாட்டுக்குப் போயிடும். பொண்ணு கேட்கப் போற இடத்துல அந்தப் பேச்சு வரும். அடுத்த வேலைக்குப் போனா, பழைய இடத்துல ஏன் நின்னேன்னு கேட்பாங்க.

ரேஷன் கடை விற்பனையாளர், சங்கத்து எழுத்தர், பஸ் கண்டக்டர், பேங்க் கடைநிலை ஊழியர், மில்லு ஸ்டோர் கீப்பர், நாமக்கல் லாரி ஆபீஸ்ல கணக்கு எழுதுற பையன். இவங்க எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. அடுத்தவர் பணமோ சரக்கோ இவங்க கை வழியாப் போகுது. கணக்குல ஒரு ஓட்டை விழுந்தா, முதல்ல விரல் நீளுறது இவங்க பக்கம்தான்.

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். திருடினவருக்கு வக்காலத்து வாங்க நாம இங்க வரலை. மக்கள் பணத்துல கை வெச்சவர் யாரா இருந்தாலும் பதில் சொல்லத்தான் வேணும். ஆனா எடுத்தார்னு சொல்றவங்க அதை நிரூபிக்கணும். நிரூபிக்காம ஒருத்தர் சோத்துல மண்ணைப் போடக் கூடாது. நாம கேட்கறது அவ்வளவுதான்.

சரி, நிரூபிச்சாங்களா இல்லையான்னு யார் பார்ப்பாங்க? எந்த அறையில பார்ப்பாங்க? இங்கதான் நம்ம ஆளுங்க ஏமாந்து போறாங்க. "விசாரணை என்னமோ நடக்கட்டும், நான் ஹைகோர்ட்ல பாத்துக்கறேன்"னு சொல்றாங்க. அந்த எண்ணம் ஏன் தப்புன்னு விளக்கறேன்.

⚫ நாலு படி

பணிநீக்க வழக்கு நாலு படி ஏறும். முதல் படி நிர்வாகம் நடத்துற உள்விசாரணை. சார்ஜ் மெமோ, உங்க பதில், சாட்சி, குறுக்கு விசாரணை, அறிக்கை, தண்டனை எல்லாம் அங்கதான். ரெண்டாவது படி சமரசமும் தொழிலாளர் நீதிமன்றமும். நமக்கு சேலம். ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா, கோர்ட்டுக்குப் பதிலா ஒரு நடுவர்கிட்டயும் விடலாம். மூணாவது படி சென்னை உயர் நீதிமன்றம். நாலாவது டெல்லி உச்ச நீதிமன்றம்.

மேல போகப் போக கோர்ட்டு பெருசு. ஆனா உங்க வழக்கைத் திறந்து பார்க்கிற ஜன்னல் சின்னதாகிட்டே போகும்.

நம்ம மிளகு வியாபாரத்தை வெச்சே சொல்றேன். கீழ் கோர்ட்டு மூட்டையைப் பிரிச்சு, கல்லு மண்ணு இருக்கான்னு பார்த்து எடை போடும். ஹைகோர்ட்டு மூட்டையை மறுபடி தராசுல ஏத்தாது. தராசு சரியான தராசா, முள்ளு நேரா நின்னுச்சா, வெக்க வேண்டிய மூட்டையை வெச்சாங்களா, இல்லாத மூட்டைக்கு எடை எழுதினாங்களா, இதைத்தான் பார்க்கும். எடையில ஒரு கிலோ முன்னப்பின்ன இருக்குன்னு நீங்க சொன்னா, "அது கீழே முடிஞ்ச விஷயம்"னு சொல்லிடும்.

இது நானா சொல்றது இல்ல. சென்னை–சித்தூர் பஸ் ரூட் பர்மிட் தகராறு ஒண்ணு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. சையது யாக்கூப் வழக்குன்னு சொல்லுவாங்க. 1963-ல ஐந்து நீதிபதிகள் அமர்வு அதுல தீர்ப்பு சொன்னது. தீர்ப்பாயம் சாட்சியத்தைப் பார்த்து எடுத்த முடிவை, "எனக்கு வேற மாதிரி தோணுது"ன்னு ஹைகோர்ட்டு மாத்த முடியாது. சட்டப் பிழை பளிச்சுனு தெரியணும். இல்லைன்னா எந்தச் சாட்சியமுமே இல்லாம முடிவு எடுத்திருக்கணும். ஏத்துக்க வேண்டிய சாட்சியத்தைத் தள்ளியிருந்தாலும் தலையிடலாம். ஆனா சாட்சியம் போதுமா போதாதான்னு ஹைகோர்ட்டு அளந்து பார்க்காது. அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னிக்கும் வக்கீலுங்க அதைத்தான் எடுத்துப் படிக்கிறாங்க.

⚫ நமக்குக் கிடைச்ச ஆயுதம்: 11-ஏ

ஒரு காலத்துல தொழிலாளர் நீதிமன்றத்துக்கே கை கட்டித்தான் இருந்துச்சு. 1958-ல இந்தியன் அயர்ன் அண்ட் ஸ்டீல் வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு எல்லை போட்டது. நிர்வாகம் பழிவாங்கினதா, இயற்கை நீதியை மீறினதா, ஆதாரமே இல்லாம முடிவு எடுத்ததா, இப்படிச் சில விஷயத்தைத்தான் தீர்ப்பாயம் பார்க்கலாம். மேல்முறையீடு மாதிரி உட்கார்ந்து அலசக் கூடாது.

அந்தக் கட்டை அவிழ்த்தது 11-ஏ பிரிவு. 1971 டிசம்பர் 15 முதல் தொழில் தகராறுகள் சட்டத்துல அது நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் தொழிலாளர் நீதிமன்றம் சாட்சியத்தைத் தானே அலசலாம். நிர்வாகம் சொன்ன குற்றம் நிரூபணம் ஆகலைன்னு சொல்லலாம். குற்றம் உண்மைதான், தண்டனை அதிகம்னு குறைக்கவும் செய்யலாம். 1973-ல ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனித் தொழிலாளர்கள் வழக்குல உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாச் சொல்லிடுச்சு.

நடுவர் தீர்ப்பு மட்டும் கடவுள் தீர்ப்பான்னா, அதுவும் இல்லை. அகமதாபாத்ல குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் கம்பெனி 1973-ல ஸ்ட்ரைக்கை ஒட்டி 853 பேரை வீட்டுக்கு அனுப்பினது. பிரச்சினை நடுவர்கிட்ட போச்சு. நடுவர் நிர்வாகம் பக்கம் தீர்ப்பு சொன்னார். ஹைகோர்ட்டு அதை மாத்திடுச்சு. 1979 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்புல ஹைகோர்ட்டு பக்கம் நின்னது. அந்தத் தீர்ப்பை எழுதினவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். அது கையாடல் வழக்கு இல்லை, ஸ்ட்ரைக் வழக்கு. ஆனா அதுல கிடைச்ச பாடம் எல்லாருக்கும் பொது. தொழில் தகராறு சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட நடுவருக்கும் 11-ஏ அதிகாரம் உண்டுன்னு அந்தத் தீர்ப்பு சொன்னது. அவர் அதைச் சரியாப் பயன்படுத்தலைன்னா ஹைகோர்ட்டு தலையிடலாம்.

⚫ காசு விஷயத்துல கோர்ட்டு ரொம்பக் கறார்

இப்போ கசப்பான பக்கத்தையும் சொல்லணும். சொல்லாம விட்டா உங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடும்.

1977-ல ஹரியானா கண்டக்டர் வழக்கு ஒண்ணு. காசு வாங்கிட்டு டிக்கெட் குடுக்கலைன்னு பறக்கும் படை பிடிச்சது. விசாரணையில ஒரு பயணியைக்கூட சாட்சியாக் கூப்பிடலை. அதனால டிஸ்மிஸ் செல்லாதுன்னு கீழ் கோர்ட்டுகள் சொல்லிடுச்சு. உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கலை. உள்விசாரணையில சாட்சியச் சட்டத்தை வரிக்கு வரி பார்க்கத் தேவையில்லை, செக்கிங் இன்ஸ்பெக்டர் சொன்னதே ஓரளவு சாட்சியம்னு சொல்லி டிஸ்மிஸை உறுதி பண்ணிடுச்சு. தீர்ப்பு எழுதினவர் யார் தெரியுமா? அதே கிருஷ்ணய்யர்தான். தொழிலாளி மேல அக்கறை உள்ள நீதிபதியே இந்த இடத்துல இறங்கி வரலைன்னா, மத்தவங்களைப் பத்திச் சொல்லவே வேண்டாம்.

2004-ல கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கு. கண்டக்டர் பையில கணக்குல வராத பணம் 93 ரூபா. 2006-ல வடகிழக்கு கர்நாடகப் போக்குவரத்துக் கழக வழக்கு. அதுல 360 ரூபா 95 காசு. ரெண்டுலயும் கீழே "வேலை குடு"ன்னு உத்தரவு கிடைச்சிருந்தது. உச்ச நீதிமன்றம் ரெண்டையும் ரத்து பண்ணிடுச்சு. தொகை சின்னதா பெருசாங்கறது கணக்கு இல்லையாம். நம்பிக்கை போச்சா இல்லையாங்கறதுதான் கணக்காம்.

93 ரூபா, தோழர்களே! ஒரு குடும்பத்தோட பிழைப்பு போறதுக்கு 93 ரூபா போதும்!

இதுல நாம கத்துக்க வேண்டியது என்ன? கையாடல் வழக்குல, "தண்டனை அதிகம், கொஞ்சம் கருணை காட்டுங்க"ன்னு கேட்கற வாதத்தை மட்டும் நம்பிப் போகாதீங்க. குற்றம் நிரூபணம் ஆச்சுன்னு ஒரு தடவை பதிவாயிட்டா, கருணைக்கான இடம் ரொம்பக் குறுகிடும். குற்றம் நிரூபணம் ஆகலைங்கற இடத்துலதான் காலை ஊன்றணும். அந்த இடம் முதல் ரெண்டு படியிலதான் இருக்கு.

⚫ அப்படி ஊன்றி ஜெயிச்சவங்களும் இருக்காங்க

பஞ்சாப் நேஷனல் பேங்க்ல ஒரு கடைநிலை ஊழியர். டிராஃப்ட் புத்தகம் களவு போன விஷயத்துல அவருக்குப் பங்குன்னு டிஸ்மிஸ். ஆதாரம்? போலீஸ்ல அவர் ஒப்புக்கிட்டதா ஒரு வாக்குமூலம். விசாரணையில காகிதங்களை மேசை மேல வெச்சாங்களே தவிர, அது உண்மைன்னு சொல்ல ஒரு சாட்சியும் வரலை. 2008 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அந்த டிஸ்மிஸை ரத்து பண்ணிச்சு. போலீஸ் சேகரிச்ச காகிதம் தானாகவே சாட்சியம் ஆகாது, அதைச் சாட்சி மூலமா நிரூபிக்கணும், சந்தேகம் எவ்வளவு பெருசா இருந்தாலும் நிரூபணத்துக்கு ஈடாகாதுன்னு தெளிவாச் சொன்னது.

அடுத்தது கோலார் தங்கவயல். நம்ம தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையா மண்ணுக்குள்ள இறங்கி உழைச்ச இடம். பாரத் கோல்டு மைன்ஸ்ல பாதுகாப்பு அலுவலர் ஒருத்தர். 1985-ல போலீஸ் அவர் வீட்டைச் சோதனை போட்டு, தங்கமும் தங்கம் கலந்த மண்ணும் கிடைச்சதுன்னு சொன்னாங்க. சஸ்பெண்ட் பண்ணி, பிழைப்பூதியமும் குடுக்கலை. கேரளாவுல இருந்த அவருக்கு விசாரணைக்கு வந்து போகக்கூடக் காசு இல்லை. அவர் இல்லாமலே விசாரணையை முடிச்சு டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க. பின்னாடி கிரிமினல் கோர்ட்டு, அந்தச் சோதனையே நிரூபணம் ஆகலைன்னு அவரை விடுதலை பண்ணிச்சு. 1999 மார்ச்ல உச்ச நீதிமன்றம் அவருக்கு நியாயம் சொன்னது. பட்டினி போட்டு விசாரணை நடத்தினா அது விசாரணையே இல்லைன்னு ஆச்சு.

ரெண்டு வழக்கையும் சேர்த்துப் பாருங்க. ஜெயிச்சவங்க "மன்னிச்சிடுங்க"ன்னு கேட்டு ஜெயிக்கலை. "ஆதாரம் எங்கே? சாட்சி எங்கே? எனக்குக் குடுக்க வேண்டிய பிழைப்பூதியம் எங்கே?"ன்னு கேட்டு ஜெயிச்சாங்க.

இங்கிலாந்துல இதைவிடக் கஷ்டம். 1978-ல பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸ் வழக்குல ஒரு அளவுகோல் வெச்சாங்க. அது கடைப் பணியாளர் வாங்கின சாமான்ல மோசடின்னு சொன்ன வழக்கு. முதலாளி உண்மையாவே அப்படி நம்பினாரா, நம்ப நியாயமான காரணம் இருந்துச்சா, நியாயமா விசாரிச்சாரா, இது மூணும் இருந்தாப் போதும். தொழிலாளி உண்மையிலேயே எடுத்தாரா இல்லையான்னு தீர்ப்பாயம் தானா முடிவு பண்ணத் தேவையில்லை. நமக்கு 11-ஏ மூலமா அதைவிடப் பெரிய உரிமை கைவசம் இருக்கு. அதைப் பயன்படுத்தத் தெரியாமத் தவற விடக் கூடாது.

⚫ கூட்டுறவுச் சங்கத் தோழர்கள் கவனிக்க

நம்ம மலையில லேம்ப் சங்கம், ரேஷன் கடைன்னு கூட்டுறவு வேலை பார்க்கறவங்க இருக்கீங்க. "சங்கம்னா அரசாங்கம் மாதிரிதானே, நேரா ஹைகோர்ட்ல ரிட் போட்டுடலாம்"னு யாராச்சும் சொன்னா ஏமாறாதீங்க. 2006-ல சென்னை உயர் நீதிமன்றத்துல ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை விசாரிச்சது. அந்த வழக்குல எதிர்மனுதாரரே நாமக்கல் சரகக் கூட்டுறவுத் துணைப் பதிவாளர்தான். நம்ம மாவட்டத்து வழக்கு! கூட்டுறவுச் சங்கம்னாலே அரசுன்னு ஆகிடாது, சட்டம் விதிச்ச பொதுக் கடமையை மீறினாத்தான் ரிட், துணை விதியை மட்டும் காட்டி ரிட் கேட்க முடியாதுன்னு தீர்ப்பு. அதனால எந்தக் கதவைத் தட்டறதுன்னு விவரம் தெரிஞ்ச வக்கீல்கிட்ட முதல்லயே கேளுங்க. தப்பான கதவைத் தட்டி நாலு வருஷம் நின்னவங்க நிறைய.

⚫ இதை எழுதி வெச்சுக்கோங்க

1. வெள்ளைத்தாள்ல கையெழுத்துப் போடாதீங்க. "பணத்தைக் கட்டிடு, விட்டுடறோம்"னு சொல்லுவாங்க. பயத்துல கட்டினா, நாளைக்கு அதையே ஒப்புதல்னு காட்டுவாங்க. கட்டியே ஆகணும்னா, "குற்றத்தை மறுத்து, ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்"னு எழுதி நகல் வெச்சுக்கோங்க.

2. சார்ஜ் மெமோவுக்குப் பதில் எழுதாம இருக்காதீங்க. எந்தத் தேதி, எந்த ரசீது, எவ்வளவு தொகைன்னு ஆவணம் கேளுங்க. வாயால கேட்காம எழுத்துல கேளுங்க. குடுக்கலைன்னா, குடுக்கலைங்கறதே நாளைக்கு உங்க ஆதாரம்.

3. விசாரணைக்குத் தனியாப் போகாதீங்க. கூட வேலை பார்க்கிற ஒருத்தரையோ சங்க நிர்வாகியையோ உதவிக்குக் கேளுங்க. ஸ்டாக் எடுத்தவர், ஆடிட் பண்ணவர் சாட்சி சொன்னா, கேள்வி கேளுங்க. சாவி வேற யார்கிட்ட இருந்துச்சு? எடை மிஷினைக் கடைசியா எப்போ சரிபார்த்தாங்க? சரக்கு இறங்கும்போதே குறைஞ்சு வந்துச்சா? அந்தக் கேள்வியும் பதிலும் பதிவாகணும். நாளைக்கு சென்னையில நீதிபதி படிக்கப்போறது இந்தக் காகிதத்தைத்தான். உங்க கண்ணீர் அங்க போய்ச் சேராது, காகிதம்தான் போய்ச் சேரும்.

4. சஸ்பெண்ட் பண்ணினா பிழைப்பூதியம் கேளுங்க. தமிழ்நாட்டுல இதுக்குன்னே 1981-ல சட்டம் இருக்கு. முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால், 180 நாள் தாண்டினா முழுச் சம்பளம்.

5. காலக்கெடுவை விட்டுடாதீங்க. டிஸ்மிஸ் ஆனா முதல்ல சமரச அலுவலர்கிட்ட மனு. 45 நாள்ல முடியலைன்னா நேரடியா வழக்குப் போடலாம். 1947 சட்டத்துல இதுக்கு 3 வருஷம் அவகாசம் இருந்துச்சு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்துல அதை 2 வருஷமாக் குறைச்சிட்டாங்க. 11-ஏ அதிகாரம் அதுலயும் தொடருது. கடிகாரம்தான் வேகமா ஓடுது.

6. கீழ ஜெயிச்சிட்டீங்க, நிர்வாகம் ஹைகோர்ட்டுக்குப் போயிட்டாங்கன்னு சோர்ந்துடாதீங்க. வழக்கு முடியற வரைக்கும், வேற இடத்துல சம்பளம் வாங்கலைன்னு பிரமாணப் பத்திரம் குடுத்தா, கடைசியா வாங்கின முழுச் சம்பளத்தை மாசாமாசம் கேட்கலாம். பழைய சட்டத்துல 17-பி பிரிவு. புதுச் சட்டத்துலயும் அந்த உரிமை இருக்கு.

7. வக்கீல் ஃபீஸுக்குப் பயப்படாதீங்க. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ன்படி பழங்குடி மக்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் உண்டு, தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் உண்டு. சாதிச் சான்றிதழ் நகலோட நாமக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. 15100-க்கு போன் பண்ணியும் கேட்கலாம்.

⚫ நாம கேட்கறது

கட்சி சார்பா மூணு கோரிக்கை வைக்கிறோம். ஒண்ணு, உள்விசாரணை எந்த நிறுவனத்துல நடந்தாலும் தமிழ்லயே நடக்கணும், பதிவும் தமிழ்லயே குடுக்கணும். தனக்குப் புரியாத மொழியில ஒரு தொழிலாளி கையெழுத்துப் போடற கொடுமை நிக்கணும். ரெண்டு, செம்மேட்டுல தொழிலாளர் துறையும் சட்ட உதவி மையமும் சேர்ந்து குறிப்பிட்ட நாள்ல முகாம் நடத்தணும். ஒரு மனுவைக் குடுக்க எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டுட்டு, சாயங்காலம் திரும்ப ஏறி வர்ற நிலைமை மாறணும். மூணு, பணிநீக்க வழக்கை வருஷக்கணக்கா இழுக்காம முடிக்கணும். புதுச் சட்டத்துல தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் பதிலா ரெண்டு உறுப்பினர் கொண்ட தீர்ப்பாயம். அதுக்கு ஆள் போடறதுல ஒரு நாள்கூட இடைவெளி விழக் கூடாது.

தோழர்களே, குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்த்து நாமளே முதல்ல முகத்தைத் திருப்பிக்கக் கூடாது. "எடுத்தியா"ன்னு கேட்கறதுக்கு முன்னாடி, "சார்ஜ் மெமோ வந்துச்சா, பதில் எழுதிட்டியா, யார் கூட வர்றா"ன்னு கேளுங்க. அந்த அறைக்கு அவர் தனியாப் போகாம பார்த்துக்கோங்க. அவர் உண்மையிலேயே எடுத்திருந்தா அது அங்க தெரியட்டும். எடுக்கலைன்னா அதுவும் அங்கயே தெரியட்டும், எழுத்துல.

இந்தப் பதிவைச் சேமிச்சு வெச்சுக்கோங்க. சங்கத்துல, கடையில, டிப்போவுல வேலை பார்க்கிற ஒருத்தருக்காவது இன்னிக்கே அனுப்புங்க. சார்ஜ் மெமோ வாங்கினவங்க நம்ம ஒன்றியத் தோழர்களை உடனே பாருங்க. பதில் எழுதக் கூட உட்காருவோம்.



#தொழிலாளர்_உரிமை #அரியூர்நாடு #கொல்லிமலை